யாருடைய பாதம்?

இலங்கையின் மலையகத்தில், 2243 மீட்டர் உயரத்தில் ஒரு பாறை. அதன் உச்சியில் பாதம் போல ஒரு பள்ளம். பௌத்தர்களுக்கு அது புத்தரின் பாதம். சைவர்களுக்குச் சிவனின் பாதம். முஸ்லிம்களுக்குச் சொர்க்கத்திலிருந்து இறங்கிய ஆதம் நபியின் பாதம். கிறிஸ்தவர்களில் சிலர் புனித தோமாவுடையது என்றார்கள். ஸ்ரீபாத, சிவனொளிபாதமலை, பாவா ஆதம் மலை என்று பெயரும் பல.

இதைச் சொன்னதும் யாராவது ஒருத்தர் "எல்லா மதமும் ஒண்ணுதான்" என்று பேச்சை முடித்துவிடுவார். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரே பள்ளத்துக்கு நாலு விளக்கம் இருக்கிறது என்பதால் நாலும் ஒன்றாகிவிடாது. பாதம் யாருடையது என்பதிலேயே ஒத்துப்போகாதவர்கள் எதற்காக ஒரே மலையில் ஏறினார்கள்? கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

1344இல் மொரோக்கோ பயணி இபின் பதூதா இங்கே வந்தார். புத்தளத்தில் தமிழ் மன்னர் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, ஆதமின் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். மன்னர் பல்லக்கு கொடுத்தார். கூடவே, வருஷா வருஷம் அந்தப் பாதத்துக்குப் போய்வரும் நாலு யோகிகள், மூன்று பிராமணர்கள், தன் ஆட்கள் பத்துப் பேர், சாமான் சுமக்கப் பதினைந்து பேர். ஆதமைத் தேடிப் போனவருக்கு வழிகாட்டியவர்கள் யோகிகள்! அவர்களுக்கு வழி தெரியும், அவ்வளவுதான்.

மலைக்கு இரண்டு பாதைகள் என்று எழுதுகிறார் பதூதா. ஒன்று பாவா பாதை, இன்னொன்று மாமா பாதை. அதாவது ஆதம், ஹவ்வா. மாமா பாதை சுலபம், திரும்பி வருபவர்கள் அதில் இறங்குவார்கள். ஆனால் அதில் ஏறிப் போனால் யாத்திரையாகவே கணக்கில் சேராதாம். பாவா பாதையில் சங்கிலி பிடித்து ஏற வேண்டும். மொத்தம் பத்துச் சங்கிலிகள். கடைசியின் பெயர் கலிமாச் சங்கிலி. அங்கே நின்று கீழே பார்த்தால், விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் கலிமா தானாக வாயில் வந்துவிடுமாம்.

என் கேள்விக்கான பதில் இதில் இருப்பதாக நினைக்கிறேன். பாதத்தைப் பார்ப்பது மட்டும் போதாது, கஷ்டப்பட்டுப் போய்ப் பார்க்க வேண்டும். நேர்ந்துகொண்டு நடப்பவர்கள் எந்த மதமானாலும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நம்பிக்கை மனசில் இருந்தால் போதாதா என்றால், போதாது. உடம்பும் அதைச் சொல்ல வேண்டும்.

அதற்காக மலையைச் சமத்துவபுரமாக்கிவிட வேண்டாம். பதினோராம் நூற்றாண்டில் ஆளவந்த முதலாம் விஜயபாகு யாத்திரிகர்களுக்கு அன்னதானத்துக்கு ஏற்பாடு செய்தார். அதைச் சொல்லும் அதே அம்பகமுவக் கல்வெட்டு, 'தாழ்ந்த' சாதியினர் வணங்குவதற்கு உச்சிக்குக் கீழே தனியாக ஒரு மேடை கட்டியதையும் சொல்கிறது. அதே செங்குத்து, அதே மூச்சிரைப்பு, ஆனால் முடிகிற இடம் மட்டும் வேறு. உரிமைச் சண்டையும் இருந்தது. பதினாறாம் நூற்றாண்டில் சீதாவாக்கையின் முதலாம் ராஜசிங்கன் மலையைச் சைவத் துறவிகளிடம் கொடுத்ததாகச் சூளவம்சம் சொல்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் கண்டி மன்னர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் அதைப் பௌத்த பிக்குகளிடம் திருப்பிக் கொடுத்தார்.

மலை கைமாறியது, ஏறுவது நிற்கவில்லை. இன்றும் டிசம்பர் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் வரை கூட்டம் ஏறுகிறது. உச்சியில் ஒரு மணி உண்டு. எத்தனையாவது தடவை ஏறியிருக்கிறோமோ அத்தனை முறை அடிப்பது வழக்கம். யாருடைய பாதத்தைப் பார்க்க வந்தோம் என்பது அந்தக் கணக்கில் வருவதில்லை.