சிரித்த முகமும் திரும்பிய முதுகும்

லூயி ஆம்ஸ்ட்ராங் கடிதம் எழுதினால், மற்றவர்கள் ‘இப்படிக்கு அன்புடன்’ என்று முடிக்கும் இடத்தில் சிவப்பு பீன்ஸையும் சோற்றையும் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். நியூ ஆர்லியன்ஸ் ஏழை வீடுகளின் சாப்பாடு அது. நம் மளிகைக் கடையில் ராஜ்மா என்று விற்கிறார்களே, அதே பயறுதான். லூசிலைக் கல்யாணம் செய்துகொள்ளும் முன் அவர் கேட்ட கேள்வியே இதைச் சமைக்கத் தெரியுமா என்பதுதான். மூன்று திருமணங்களைக் கடந்து நான்காவதற்கு நின்றவர். எதைக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மைல்ஸ் டேவிஸும் நன்றாகச் சமைப்பார். ஆனால் அவர் கற்றது புத்தகத்தைப் பார்த்து. ஓட்டல் ஓட்டலாகப் போய் உட்காருவது பிடிக்காமல், வாத்தியத்தைச் சாதகம் செய்வதுபோலச் சமையலையும் சாதகம் செய்ததாகச் சுயசரிதையில் சொல்கிறார். பிரெஞ்சுச் சமையல்வரை கைக்கு வந்துவிட்டது. ஒருவருக்குச் சாப்பாடு என்பது பிறந்த தெருவின் ஞாபகம். இன்னொருவருக்கு அது வெளியார் முகத்தைப் பார்க்காமல் இருக்க ஒரு வழி.

இந்த இரண்டு ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர்களையும் மேடையில் வைத்துத்தான் எல்லோரும் ஒப்பிடுவார்கள். ஆம்ஸ்ட்ராங் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பார், கண்ணை உருட்டுவார், வெள்ளைக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே அடுத்த பாட்டை அறிவிப்பார். டேவிஸ் எதையும் அறிவிக்க மாட்டார். சபைக்கு முதுகைக் காட்டி வாசிப்பார். தம் முறை முடிந்ததும் மேடையைவிட்டு இறங்கிப் போய்விடுவார். கேட்டால், சிம்பொனி நடத்துபவர் மட்டும் உங்களைப் பார்த்தா நிற்கிறார் என்பது அவர் பதில். இதிலிருந்து ஒருவர் பணிந்தவர், மற்றவர் பணியாதவர் என்ற தீர்ப்பை எழுதிவிடுவது சுலபம். நானும் பல காலம் அப்படித்தான் நினைத்தேன், டேவிஸ் பக்கம் நின்று. இப்போது அந்தத் தீர்ப்பு எனக்கு ஒப்பவில்லை.

முதலில், இருவரும் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்க்க வேண்டும். ஆம்ஸ்ட்ராங் பிறந்தது 1901இல், கத்திக்குத்துக்குப் பேர்போன ஒரு தெருவில். சிறுவனாக இருக்கும்போது லித்துவேனியாவிலிருந்து வந்த யூதக் குடும்பம் ஒன்றின் பழைய சாமான் வண்டியில் வேலை பார்த்தார். அடகுக் கடையில் கிடந்த கார்னெட் என்ற ஊதுகருவியை வாங்க அவர்கள்தான் பணம் கொடுத்து உதவினார்கள். அந்த நன்றிக்காக யூதர்களின் தாவீது நட்சத்திரத்தைக் கழுத்தில் கடைசிவரை அணிந்திருந்தார். புத்தாண்டு இரவில் துப்பாக்கியை வானத்தை நோக்கிச் சுட்டதற்காகச் சிறுவர் சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பப்பட்டு, அங்கேதான் ஒழுங்காக வாசிக்கக் கற்றார். டேவிஸ் பிறந்தது 1926இல். அப்பா பல் மருத்துவர்; சொந்தப் பண்ணையும் அதில் குதிரைகளும் உண்டு. 1944இல் மகனை நியூயார்க் ஜூலியார்ட் இசைப்பள்ளிக்கு அனுப்ப முடிந்தது. மகன் அதைப் பாதியில் உதறிவிட்டு சாக்சபோன் கலைஞர் சார்லி பார்க்கரின் பின்னால் போகவும் முடிந்தது. வயிற்றுப்பாட்டுக்காகப் பல்லைக் காட்ட வேண்டிய நிலை அவருக்கு வந்ததில்லை. முதுகைத் திருப்ப ஒரு பின்பலம் வேண்டும் என்று நான் சொன்னால் டேவிஸின் ரசிகர்கள் கோபிப்பார்கள், இருந்தாலும் சொல்கிறேன்.

சிரித்தவரின் கோபத்தைப் பார்க்க வேண்டுமானால் 1957 செப்டம்பருக்குப் போக வேண்டும். ஆர்க்கன்சா மாநிலத்து லிட்டில் ராக்கில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் பள்ளிக்குள் நுழையாதபடி ஆளுநர் பாபஸ் துருப்புகளை நிறுத்தியிருந்தார். வடக்கு டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் ஓட்டல் அறையில், உள்ளூர்ப் பத்திரிகையின் இளம் நிருபர் ஒருவரிடம் ஆம்ஸ்ட்ராங் கொட்டித் தீர்த்தார். குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவருக்கு நெஞ்சுரம் இல்லை என்றார். அரசு ஏற்பாட்டில் சோவியத் ஒன்றியத்துக்குப் போவதாக இருந்த பயணமும் வேண்டாம் என்றார். இப்படிச் சொன்னாரா என்று ஆசிரியர் நம்ப மறுக்க, நிருபர் மறுநாள் திரும்பி வந்து எழுதியதைக் காட்டினார். ஆம்ஸ்ட்ராங் ஒரு சொல்லையும் மாற்றாமல் கையெழுத்திட்டார். அவரைப் புறக்கணிக்க வேண்டும் என்று குரல்கள் எழுந்தன. அதற்காக மேடையில் அவர் சிரிப்பதை நிறுத்திவிடவில்லை.

டேவிஸுக்கு அப்படியொரு நாள் 1959 ஆகஸ்ட் 25. அவருடைய ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ இசைத்தட்டு வெளிவந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. பிராட்வேயில் பேர்ட்லேண்ட் அரங்கின் வாசலில், ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை டாக்சி ஏற்றிவிட்டு நின்றிருந்தார். நகர்ந்து போ என்றார் காவலர். வாசல் பலகையில் தம் பெயரே மின்னுவதைக் காட்டி, நகர மாட்டேன் என்றார் டேவிஸ். தலையில் அடி விழுந்தது, கைதும் ஆனார். உடையில் ரத்தக் கறையோடு அவர் நிற்கும் படம் மறுநாள் பலர் கண்ணில் பட்டது. பிற்பாடு குற்றச்சாட்டு நிற்கவில்லை, அது வேறு விஷயம். அன்றைக்கு அவர் உடுத்தியிருந்த நல்ல உடையும் பெற்ற புகழும் அவரைக் காப்பாற்றவில்லை. குத்துச்சண்டை மீது அவருக்கு இருந்த பித்தை இந்த இரவோடு சேர்த்துப் பார்க்காமல் இருக்க என்னால் முடிவதில்லை, அந்தப் பித்து அதற்கு முன்பே இருந்தது என்றாலும். சுகர் ரே ராபின்சன் அவருடைய ஆதர்சம். 1971இல் ஒரு முழு இசைத்தட்டையே ஜாக் ஜான்சன் என்ற பழைய குத்துச்சண்டை வீரருக்குக் காணிக்கையாக்கினார்.

வாசிப்பிலும் இருவரின் வேறுபாடு தெரிகிறது. ஆம்ஸ்ட்ராங் ஒரு சுரத்தைப் பிடித்து அதன் கடைசியில் நடுங்கவிடுவார். நம் காதுக்கு அது கமகத்தின் தூரத்து உறவு போலக் கேட்கும். டேவிஸோ நடுக்கமே இல்லாமல் நேராக ஊதினார். சிறுவயது ஆசிரியர் சொல்லிக்கொடுத்த பாடம் அது. ஒலியைத் தணிக்கும் மியூட்டைப் பொருத்தி, மைக்குக்குப் பக்கத்தில் போய், ரகசியம் சொல்வதுபோல வாசித்தார். சொந்தக் குரலும் அப்படியே ஆகிவிட்டது: 1950களின் நடுவில் தொண்டையில் அறுவை நடந்தபின், ஆறுவதற்குள் கத்திப் பேசியதால் மிஞ்சியது கரகரத்த முணுமுணுப்புதான்.

இருவரையும் உண்மையில் பிரிப்பது பழசை என்ன செய்வது என்ற கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது. 1943இல் லூசில் நியூயார்க்கின் குவீன்ஸில், கொரோனா என்ற பகுதியில் (பெயரைக் கேட்டுப் பதற வேண்டாம், அது பழைய பெயர்) ஒரு சாதாரண வீட்டை வாங்கினார். உலகம் சுற்றிய ஆம்ஸ்ட்ராங் சாகும்வரை அங்கேதான் இருந்தார். வாசற்படியில் உட்கார்ந்து தெருப் பிள்ளைகளோடு பேசுவார். உள்ளே நூற்றுக்கணக்கான ஒலிநாடாக்கள்: சொந்த இசைத்தட்டுகள், நண்பர்களின் அரட்டை, கெட்ட வார்த்தை ஜோக்குகள், வெள்ளையர்மீது இருந்த கோபமெல்லாம் பதிவாகியிருந்தன. நாடாப் பெட்டிகள்மேல் படங்களை வெட்டி ஒட்டி அழகு பார்த்தார். தமக்குப் பிடித்த பேதி மருந்தைக் கண்டவர்க்கெல்லாம் கொடுத்தார். கழிப்பறையில் உட்கார்ந்திருக்கும் தம் படத்தையே அதற்கு விளம்பர அட்டையாக அச்சடித்தார். மேடையில் பல ஆண்டுகள் அதே பாட்டுகள். அலுக்கவில்லையா என்றால், சனம் அதைத்தானே கேட்க வந்திருக்கிறது என்பார் போலிருக்கும்.

டேவிஸ் பழசைத் திரும்பிப் பார்க்க மறுத்தார். ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ போல இன்னொன்று கொடுத்தே வாழ்நாளைக் கழித்திருக்கலாம். அவர் மின்கிதாருக்கும் மின்பியானோவுக்கும் போனார். உடையும் மாறியது: அளவெடுத்துத் தைத்த சூட்டிலிருந்து ஜப்பானிய வடிவமைப்பாளர்களின் பளபளப்புக்கு. வேகமான கார்கள் மாறின. 1972இல் லம்போர்கினியை மோதி இரண்டு கணுக்காலையும் முறித்துக்கொண்டார். கடைசிப் பத்தாண்டில் தூரிகையைப் பிடித்து ஓவியரும் ஆனார்.

அவரிடம் மாறாமல் இருந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கறுப்பினப் பெண்ணின் முகம் இசைத்தட்டு உறையில் வர வேண்டும் என்று போராடி, 1961இல் மனைவி ஃபிரான்செஸ் டெய்லரின் படத்தை அச்சிடவைத்தவர் அவர். அதே ஃபிரான்செஸை அடித்ததையும், நடனத்தை விட்டுவிடச் செய்ததையும் தாமே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒப்புக்கொண்டதால் அது சின்னதாகிவிடாது. மேதைமைக்கு இதைக் கழித்துக்கொடுக்கும் பழக்கம் நம்மூர் விமர்சகர்களிடமும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆம்ஸ்ட்ராங்கிடமும் குறை உண்டு: பணத்தையும் வாழ்க்கையையும் ஜோ கிளேசர் என்ற மேலாளரின் கையில் கொடுத்துவிட்டு, கணக்குக் கேட்காமல் காலம் தள்ளினார். டேவிஸால் ஒரு நாள்கூட அப்படி இருந்திருக்க முடியாது.

ஆம்ஸ்ட்ராங்கின் இளிப்பைக் கண்டால் தமக்கு ஆகாது என்றும், அவர் வாசிப்பு உயிர் என்றும் டேவிஸ் ஒரே மூச்சில் சொன்னவர். ட்ரம்பெட்டில் தாங்கள் எதை வாசித்தாலும் அது ஆம்ஸ்ட்ராங் முன்பே வாசித்ததுதான் என்பது அவர் கருத்து. இன்னொரு ட்ரம்பெட் கலைஞரான டிஸ்ஸி கில்லெஸ்பியும் இளமையில் அந்தச் சிரிப்பைப் பழித்தவர்தான். தம் சந்தோஷத்தை எவரும் பறிக்க விடாத பிடிவாதம் அது என்று பின்னாளில் எழுதித் திருத்திக்கொண்டார். அந்தத் திருத்தத்தோடு நானும் நிற்கிறேன்.

1970 மே மாதம், ஆம்ஸ்ட்ராங் இறப்பதற்கு ஓராண்டு முன்பு, நியூயார்க்கில் அவருக்காக ஓர் இசைத்தட்டு பதிவானது. கறுப்பின மக்களின் குடிமை உரிமைப் போராட்டத்தின் புகழ்பெற்ற பாடலைப் பாட அவர் பின்னால் ஒரு பெரிய கூட்டம் சேர்ந்தது. அதில் மைல்ஸ் டேவிஸும் இருந்தார். உடல்நிலை காரணமாக அந்தத் தட்டில் ஆம்ஸ்ட்ராங் ட்ரம்பெட்டைத் தொடவில்லை. டேவிஸும் ஊத வரவில்லை. இருவரும் பாட மட்டுமே செய்தார்கள்.