ஈரலுக்கு வழிகாட்டிய வெல்லம்



கடிதம் எத்துணை சிறப்பாக எழுதப்பட்டிருப்பினும், உறையின்மீது விலாசம் இல்லையெனின் அது உரியவர் கையைச் சென்றடையாது. மருந்தின் நிலையும் இத்தகையதே. உடலிற் புகுந்த மருந்து எங்கும் பரவுகின்றதேயன்றி, நோயின் இருப்பிடத்தைத் தானே தேடிச் செல்வதில்லை. ஆயினும், ஈரலையே நாடிச் செல்லும் மருந்துகள் சில இன்று வழக்கிற்கு வந்துள்ளன. அவற்றுக்கு விலாசமாய் அமைந்தது ஒருவகை வெல்லம். அந்த விலாசம் கண்டறியப்பட்ட வரலாற்றையே இன்று கூற விழைகின்றேன்.

இவ்வரலாறு மருந்து தேடிய முயற்சியில் தொடங்கவில்லை. 1960களில் அமெரிக்காவில், நியூயோர்க் நகரத்து அல்பேர்ட் ஐன்ஸ்ரைன் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த அனற்றோல் மொரெல் என்பவரும், பெத்தெஸ்டாவிலுள்ள தேசிய சுகாதார நிறுவகத்தைச் சேர்ந்த கில்பெர்ட் ஆஷ்வெல் என்பவரும், குருதியிலே செம்பைத் தாங்கிச் செல்லும் புரதம் ஒன்றை ஆராய்ந்து வந்தனர். அப்புரதம் உடலில் எவ்வளவு காலம் நிலைக்கின்றது என அறியும்பொருட்டு அதற்குக் கதிர்வீசும் அடையாளம் ஒன்றை இட எண்ணினர். அதற்காக, புரதத்திலே தொங்கும் வெல்லச் சங்கிலிகளின் நுனியிலிருந்த சியாலிக் அமிலத்தை நீக்கவேண்டியதாயிற்று. நீக்கிய புரதத்தை முயல்களின் குருதியிற் செலுத்தினர். நாட்கணக்காய்ச் சுற்றிவரவேண்டிய அப்புரதம் சில நிமிடங்களுக்குள் மறைந்துவிட்டது! எங்கே போயிற்று என ஆராய்ந்தபோது, அது ஈரலிலே காணப்பட்டது.

சியாலிக் அமிலம் நீங்கியதும் அதன்கீழ் மறைந்திருந்த கலக்டோசு என்னும் வெல்லம் வெளிப்பட்டது. அந்தக் கலக்டோசை மாற்றியமைத்தபோது புரதம் மீண்டும் நெடுநேரம் குருதியில் நிலைத்தது. எனவே ஈரல் அடையாளங் கண்டது அவ்வெல்லத்தையே என்பது தெளிவாயிற்று. இம்முடிவுகள் 1968இல் வெளியாயின. கலக்டோசைப் பற்றிக்கொள்ளும் ஈரற்கலப் புரதத்தை, அதாவது வாங்கியை, 1974இல் அவர்கள் பிரித்தெடுத்தனர். ஆஷ்வெல்-மொரெல் வாங்கி என அது இன்று வழங்கப்படுகின்றது.

இனி மற்றொரு துறையின் பக்கம் திரும்புவோம். பரம்பரையலகின் கட்டளையைத் தூது ஆர்.என்.ஏ. சுமந்து செல்ல, அதற்கேற்பக் கலத்தில் புரதம் உருவாகின்றது. தீய புரதம் உருவானபின் அதனோடு போராடுவதினும், தூதையே தடுத்துவிடுதல் நன்றன்றோ? 1978இல் போல் சமெக்னிக்கும் மேரி ஸ்ரீபன்சனும் குறுகிய நியூக்கிளிக்கமிலத் துண்டு ஒன்றினால் ஒரு வைரசின் பெருக்கத்தைத் தடுத்துக் காட்டினர். 1998இல் அன்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெலோ ஆகியோர், ஈரிழை ஆர்.என்.ஏ. தூதை அடக்கும் முறையைச் சிறு புழுவொன்றில் கண்டறிந்து, 2006இல் நோபல் பரிசும் பெற்றனர். கடிதம் ஆயத்தமாயிற்று; விலாசந்தான் இல்லை. நியூக்கிளிக்கமிலம் குருதியிலே நொதியங்களாற் சிதைக்கப்படும். பெரிதாகவும் மின்னேற்றம் உடையதாகவும் இருத்தலால் கலமென்சவ்வைக் கடக்கவும் மாட்டாது.

இவ்விடத்திலேதான் பழைய கண்டுபிடிப்பு துணைக்கு வந்தது. கலக்டோசின் உறவினதாகிய அசற்றைல் கலக்டோசமைன் வாங்கியை இன்னும் இறுகப் பற்றுவது அறியப்பட்டது. ஆனால் ஒற்றை வெல்லத்தின் பிடி தளர்ந்தது. 1980களில் யோன்சு ஹொப்கின்சு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வை. சி. லீயும் அவருடைய குழுவினரும், வெல்லங்களை உரிய இடைவெளியில் இரண்டாகச் சேர்த்தால் பிடி ஏறத்தாழ ஆயிரம் மடங்காக உயர்வதையும், மூன்றாகச் சேர்த்தால் மேலும் பன்மடங்கு பெருகுவதையும் காட்டினர். மூன்று கிளைகளின் நுனியில் மூன்று வெல்லங்கள்; அடியிலே மருந்து. இதுவே இன்றும் கையாளப்படும் அமைப்பு.

ஆயினும் விலாசம் மாத்திரம் போதாது என்பதைக் காலம் கடுமையாகக் கற்பித்தது. ஈரலில் உருவாகும் திரான்சுதைரெற்றின் என்னும் புரதம் இதயத்திற் படிந்து உயிரைக் கவரும் நோய் ஒன்றுண்டு. அதற்கென ஆக்கப்பட்ட றெவுசிரான் என்னும் மருந்து மூன்று வெல்லங்களையும் தாங்கியிருந்தது. எனினும் எளிதிற் சிதைந்தமையால் வாரந்தோறும் 500 மில்லிகிராம் ஏற்றவேண்டியிருந்தது. 2016 ஒக்ரோபரில், போலி மருந்து பெற்றோரினும் இம்மருந்து பெற்றோரிடையே இறப்பு மிகுந்து காணப்பட்டதால் அச்சோதனை நிறுத்தப்பட்டது. மருந்தே காரணமெனத் திட்டமாக நிறுவப்படாவிடினும், நம்பி வந்த நோயாளருக்கு அது பேரிழப்பே.

விஞ்ஞானிகள் வெல்லத்தை மாற்றவில்லை. கடிதத்தின் தாளை உறுதிப்படுத்தினர். நியூக்கிளிக்கமிலத்தின் இரசாயன அமைப்பை நொதியங்கள் எளிதிற் சிதைக்கவியலாதவாறு திருத்தினர். கலத்துட் புகும் மருந்திற் பெரும்பகுதி சிறு பைகளுக்குள்ளே அடைபட்டுவிடும். சிதையாத மருந்தாயின் அப்பைகளே களஞ்சியமாகி, மாதக்கணக்கிற் சிறிது சிறிதாய் அதனை வெளிவிடும். இவ்வாறு உறுதிபெற்ற கிவோசிரான், ஈரலைச் சார்ந்த போர்பீரியா நோய்க்கென 2019 நவம்பரில் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. இவ்வகை ஆர்.என்.ஏ. மருந்துகளில் அங்கீகாரம் பெற்ற முதலாவது அதுவே. றெவுசிரான் தோற்ற அதே புரதத்தை அடக்க வந்த வுற்றிசிரானுக்கு, மூன்று மாதத்துக்கொருமுறை 25 மில்லிகிராமே போதியதாயிற்று. முன்னர் இறப்பு மிகுந்த அதே இதய நோயில், இம்மருந்து இறப்பைக் குறைத்ததென 2024இல் வெளியான ஆய்வு காட்டியது.

இவ்விலாசம் ஈரலுக்கு மாத்திரமே உரியது. மூளைக்கும் இதயத் தசைக்கும் இத்துணைத் திருத்தமான விலாசம் இன்னும் கைவரவில்லை. ஆனால், முயலின் குருதியிலிருந்து மறைந்த புரதத்தைப் பரிசோதனைத் தவறெனக் கருதித் தள்ளாது, “எங்கே போயிற்று?” என இருவர் கேட்டதனாலன்றோ, அரை நூற்றாண்டின் பின் நோயாளர் பயன் பெறுகின்றனர்? பயன் கருதாது கேட்கப்படும் வினாக்களுக்கும் ஆய்வுகூடத்தில் இடமிருத்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.