பறந்த மனிதன் ஏன் விழுந்தான்?



"தாத்தா, சில சூப்பர்ஹீரோ படம் ஓடுது, சிலது ஓடலையே, ஏன்?" என்று பேரன் கேட்டான். அவனுக்குச் சொன்ன வரலாறு இது.

1978-ல் 'சூப்பர்மேன்' வந்தது. மனிதன் பறப்பதை நாம் நம்ப வேண்டும் என்று இயக்குநர் ரிச்சர்ட் டோனர் குழு பலவிதமாகச் சோதித்துப் பார்த்தது. செலவு சுமார் 5.5 கோடி டாலர். உலக வசூல் சுமார் 30 கோடி. காட்சி நுட்பத்துக்குச் சிறப்பு ஆஸ்கரும் கிடைத்தது.

1987-ல் நான்காம் பாகம். அதே கிறிஸ்டோபர் ரீவ், அதே உடை. ஆனால் பணமுடையில் இருந்த கேனன் நிறுவனம் செலவைப் பாதிக்கு மேல் வெட்டி, சுமார் 1.7 கோடியில் முடித்தது. நியூயார்க் ஐ.நா. சபைக் காட்சியை இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ் நகரில் எடுத்தார்கள். ஒரே பறக்கும் காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அமெரிக்க வசூல் சுமார் 1.6 கோடிதான். அடுத்த சூப்பர்மேன் படம் வர 19 ஆண்டுகள் ஆயின.

பணம் மட்டும் போதுமா? போதாது. 1997-ல் 'பேட்மேன் அண்ட் ராபின்' 12 கோடிக்கு மேல் செலவழித்தும் கேலிக்கே ஆளானது. அடுத்த பேட்மேன் படம் 2005-ல்தான் வந்தது.

பெயருக்காக முதல் நாள் கூட்டம் வரும். மறுவாரமும் வர, வேலை சுத்தமாக இருக்க வேண்டும். கடையும் தொழிலும் நடத்தும் என் பிள்ளைகளே, இது உங்களுக்கும்தான்.