பூவரசங்குளத்துக்கு வந்த பிளாஷ்

யொங்நுவோ 560 டிஜிட்டல் கமராக்காரருக்காக சீனாவின் ஷென்சென் நகரில் செய்த பிளாஷ். கொழும்பில் வாங்கப்பட்டு, வவுனியாக் கலியாண வீடுகளில் சில காலம் மின்னிவிட்டு, மன்னார் வீதியால் பூவரசங்குளம் வந்து மாமாவின் நிக்கோன் எஃப்.எம்.2 இல் ஏறியது. அந்தக் கமரா 1982இல் வெளிவந்த வகை. பற்றரி இல்லாமலே அதன் ஷட்டர் விழும். பற்றரி ஒளிமானிக்கு மட்டும்தான். போரில் பற்றரிக்குத் தடை இருந்த காலத்து வன்னியைக் கண்டவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

இந்தப் பிளாஷில் டி.டி.எல். கிடையாது. நல்லதாய்ப் போயிற்று. பிலிம் காலத்து டி.டி.எல்., பிலிமில் பட்டுத் திரும்பும் ஒளியை அந்தக் கணமே அளந்து பிளாஷை நிறுத்தும். டிஜிட்டலோ படத்துக்கு முன்னரே ஒரு சின்ன மின்னலை விட்டுக் கணக்குப் பார்க்கும். இரண்டும் ஒத்துவராது. நிக்கோனின் எஸ்.பி.800 இரண்டுக்கும் இசையும். 2008இல் வந்த எஸ்.பி.900 பிலிம் காலத்து டி.டி.எல்.ஐக் கைவிட்டது. யொங்நுவோவின் அடியில் இருப்பது நடுவே ஒரேயொரு தொடுமுனை. ஷட்டர் முழுதாய்த் திறந்ததும் கமரா அதில் சுற்றை மூடும், பிளாஷ் மின்னும். பெரும்பாலான கமராக்களுக்கு இது போதும்.

மறுபக்கப் பயணம்தான் ஆபத்து. பழைய பிளாஷ்கள் சிலவற்றின் தொடுமுனையில் நூற்றுக்கணக்கான வோல்ட் நிற்கும். டிஜிட்டல் கமராவில் பூட்டினால் அதன் சுற்று கருகலாம்.

கணக்கைக் கையால் போடவேண்டும். ஐ.எஸ்.ஓ. 100 பிலிமில் வழிகாட்டி எண் 28 என்றால், அதைத் தூரத்தால் வகுக்க, மூன்றரை மீற்றரில் நிற்பவருக்கு எஃப் 8. மாமாவின் கமரா 1984க்குப் பிந்தியது என்பதால், ஷட்டர் வேகம் 1/250 செக்கனைத் தாண்டக்கூடாது. தாண்டினால் படத்தில் ஒரு பட்டை கறுத்துவிடும்.

பிளாஷ் வந்த கையோடு டிஜிட்டல் லென்ஸையும் பூட்டிப் பார்த்தோம், 18-55. நிக்கோன் எஸ்.எல்.ஆர். கமராக்களில் லென்ஸ் பூட்டும் வாய் 1959இலிருந்து அடிப்படையில் மாறாதபடியால் கிளிக் என்று பொருந்தியது. ஆனால் ஜி வகை லென்ஸில் துவார வளையம் இல்லை. பார்க்கும்போது எல்லாம் வெளிச்சமாய்த் தெரியும். ஷட்டர் விழும்போது துவாரம் ஆகச் சிறிய அளவுக்குச் சுருங்கிவிடும். பிலிமில் இருட்டு. சிறிய சென்சருக்கான டி.எக்ஸ். லென்ஸ் என்பதால் மூலைகளும் கறுக்கும். வளையம் உள்ள 50 மி.மீ. எஃப் 1.8 டி வாங்குங்கள். டிஜிட்டலிலும் உழைக்கும், பிலிமிலும் உழைக்கும். கெனன் பழைய எஃப்.டி. கமராக்காரருக்கு இந்த வழியில்லை. 1987இல் அந்த நிறுவனம் வாயையே மாற்றிவிட்டது.

ஏன் இத்தனை பாடு? மாமியின் ஆட்கள் 2009இல் போரின் முடிவில் அல்பங்களை விட்டுவிட்டு வந்தவர்கள். இப்போது கையில் இருக்கும் பழைய படங்கள், முன்னர் வெளிநாட்டுச் சொந்தங்களுக்குத் தபாலில் அனுப்பியவற்றின் பிரதிகள். பிள்ளையின் பூப்புனித நீராட்டு விழாவுக்கு பிலிமில் எடுக்கச் சொன்னது மாமிதான். நெகட்டிவ் தன்னிடம் இருக்கவேண்டும், பிரதிகள் கனடாவுக்கும் லண்டனுக்கும் போகவேண்டும் என்று அன்றே சொல்லிவிட்டார்.