பெயர்த்தெழுதிய கைகள்

ஓலைச்சுவடிகளைக் காத்தவை பெட்டிகள் அல்ல. பழைய ஏட்டைச் செல் அரிக்குமுன் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதிய கைகளே. கணினிக் காலத்திற்கும் இவ்வுண்மை பொருந்தும் என்பதை வரலாறு காட்டுகின்றது.

1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் உலகின் முதல் வணிகக் காந்த வட்டுச் சேமிப்புக் கருவியை வெளியிட்டது. இரண்டடி விட்டமுள்ள 50 வட்டுகளைக் கொண்ட அக்கருவி ஒரு டன் எடையுடையது. ஏற்றதோ 50 இலட்சம் எழுத்துகளே. இன்று விரல் நக அளவினதாகிய ஒரு நினைவு அட்டை அதனினும் இலட்சம் மடங்கு கொள்கின்றது. கொள்ளளவு பெருகியது, அழிவு பற்றிய அச்சமோ நீங்கவில்லை.

1969 ஜூலையில் மனிதன் நிலவில் அடிவைத்த காட்சி, மூலக் காந்த நாடாக்களில் தெளிவாகப் பதிவாகியிருந்தது. பிற்காலத்தில் தேடியபோது அவை கிடைக்கவில்லை. அழிக்கப்பட்டு, மீண்டும் வேறு பதிவுகளுக்குப் பயன்படுத்தப்பட்டிருக்கக்கூடும் என 2009-இல் நாசா அறிவித்தது. எனினும் அக்காட்சி உலகை விட்டு நீங்கவில்லை. தொலைக்காட்சி ஒளிபரப்பிலிருந்து எடுக்கப்பட்டுப் பல இடங்களில் இருந்த, தெளிவு குன்றிய படிகளே அதனைக் காத்தன.

மூலம் ஒன்றாயின் இழப்பும் ஒரே நாளில் நேரும். எழுதியதை வேறோர் ஊடகத்தில் படியெடுத்து வேறிடத்தில் வைப்பவரே, அன்று ஏடு பெயர்த்தோரின் வழித்தோன்றல்கள் ஆவர்.