பந்தைத் தொடாத வீரன்

கலஹாவிலிருந்து இறங்கும் வீதி பேராதனைப் பல்கலைக்கழக வளவின் ஊடாகச் சென்று, கண்டி செல்லும் பெருவீதியை அடைகிறது. நகரை அடைந்து நித்தவலை மைதானத்தின் பக்கம் செல்வோர், றகர் ஆட்டமொன்றைக் காணாமல் திரும்புவது அரிது. கண்டி விளையாட்டுக் கழகம் 1874 ஆம் ஆண்டில் தோன்றியது. தோட்டத் துரைமாரின் பொழுதுபோக்காக இருந்த இவ்வாட்டம், 1891 இல் கிங்ஸ்வூட் கல்லூரி வழியாகப் பாடசாலைகளுள் புகுந்தது. 1906 இல் திரித்துவக் கல்லூரியும் கிங்ஸ்வூட்டும் மோதிக்கொண்டன. இன்று கண்டி மாநகரின் சொந்த ஆட்டம் என்று சொல்லுமளவுக்கு அது அங்கே வேரூன்றிவிட்டது.

இவ்வாட்டத்தில் 'ஸ்கிரம்' எனப்படும் நெருக்கடி ஒன்றுண்டு. இரு பக்கத்திலும் எட்டெட்டுப் பேர் குனிந்து, தோளோடு தோள் முட்டித் தள்ளுவர். முன்வரிசையில் நிற்கும் பருத்த உடலினரே பெரும்பாரத்தைத் தாங்குகின்றனர். பந்தோ பின்னால் நழுவி, மெலிந்த ஓட்டக்காரன் ஒருவனின் கையைச் சேர்கிறது. அவன் ஓடுகிறான், மைதானம் ஆர்ப்பரிக்கிறது.

கண்டிக் கழகம் தோன்றிய அதே 1874 ஆம் ஆண்டில், கனடாவின் மக்கில் பல்கலைக்கழக மாணவர் அமெரிக்காவின் ஹார்வார்டுக்குச் சென்று றக்பி முறையில் ஆடினர். அந்த ஆட்டத்தை அமெரிக்கர் தம் விருப்பத்துக்கேற்ப மாற்றிக்கொண்டனர். 1880 இல் யேல் பல்கலைக்கழகத்து வால்ட்டர் காம்ப் என்பவர், ஸ்கிரம்மை நீக்கி, இரு அணிகளும் ஒரு கோட்டின் இருபுறமும் எதிரெதிரே நிற்கும் முறையைப் புகுத்தினார். அமெரிக்கக் கால்பந்து இவ்வாறே உருப்பெற்றது. பந்தை வைத்திருக்கும் அணியின் முன்வரிசையில் ஐவர் நிற்பர். நடுவில் நிற்பவன் பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடக்கிவைப்பான். மற்ற நால்வருக்கும் அதுவும் இல்லை. எறியப்படும் பந்தைப் பிடிக்கவும் விதி பொதுவாக இடந்தராது. பாய்ந்து வரும் எதிரியைத் தடுப்பதே அவர்கள் தொழில்.

தேயிலைத் தோட்டம் அறிந்தவர்க்கு இது விளங்காத செய்தியன்று. கொழுந்தின் நிறை நாள்தோறும் பதிவாகும். மலைச்சரிவின் மண் கரைந்தோடாதபடி கல்லடுக்கிக் கான் வெட்டியவனுக்கு ஒரு நாட்பேர் விழும், அவ்வளவே. அவன் உழைப்பு எந்தத் தராசிலும் ஏறுவதில்லை.

இத்தகைய முன்வரிசை வீரருள் தலைசிறந்தவராகப் பலர் கருதுபவர் ஜிம் பார்க்கர். பருத்தி விளையும் ஜோர்ஜியா மாநிலத்து மேக்கன் நகரில், 1934 ஏப்ரல் 3 ஆம் நாள், கறுப்பினக் குடும்பமொன்றிற் பிறந்தார். வெள்ளையரையும் கறுப்பரையும் சட்டமே பிரித்துவைத்திருந்த காலம் அது. பின்னர் வடக்கே ஒஹாயோ மாநிலம் சென்று, அங்குள்ள பல்கலைக்கழக அணியிற் புகழ்பெற்றார். நாட்டின் சிறந்த முன்வரிசை வீரருக்குரிய அவுட்லண்ட் விருது 1956 இல் அவருக்குக் கிடைத்தது.

அடுத்த ஆண்டு தொழில்முறை வீரராக பால்ட்டிமோர் கோல்ட்ஸ் அணியிற் சேர்ந்தார். வாஷிங்டன் அணி கறுப்பின வீரர் எவரையும் சேர்த்துக்கொள்ளாதிருந்த நாட்கள் அவை. 1962 இல்தான் அங்கே அந்த நிலை மாறியது. பால்ட்டிமோரில் பந்தெறியும் வீரர் ஜோனி யுனைட்டாஸ். அவரது மேனியில் எதிரியின் கை படாமற் காப்பதே பார்க்கருக்கு இடப்பட்ட பணி. பல்கலைக்கழகத்தில் அவர் பழகியது பெரும்பாலும் ஓட்டக்காரருக்கு வழி திறக்கும் ஆட்டம். எறிபவரைப் பின்வாங்கி நின்று காக்கும் கலையை அவர் புதிதாகவே கற்க வேண்டியிருந்தது. 270 இறாத்தலுக்கு மேற்பட்ட உடல். ஆயினும் கால்கள் விரைவானவை.

1958 டிசம்பர் 28 இல் நியூயோர்க்கில் நடந்த இறுதியாட்டம் சமநிலையில் முடிந்து, மேலதிக நேரத்துக்குச் சென்றது. கோல்ட்ஸ் 23க்கு 17 என வென்றது. மறு ஆண்டும் அந்த அணியே வாகை சூடியது. தொடர்ந்து 47 ஆட்டங்களில் புள்ளி தரும் எறிவுகளை எறிந்த யுனைட்டாஸின் சாதனை 1960 வரை நீண்டது. 2012 வரை அதை எவரும் முறியடிக்கவில்லை. அந்த எறிவுகளிற் பெரும்பாலானவற்றின்போது இடப்பக்கம் காவல் நின்றவர் பார்க்கர். 1962 இல் அவரை உட்பக்க இடமொன்றுக்கு மாற்றினார்கள். அங்கே எதிர்ப்பவரும் வேறு, தடுக்கும் முறையும் வேறு. எனினும் இரண்டு இடங்களிலுமே நாட்டின் சிறந்த வீரராகத் தெரிவுசெய்யப்பட்டார்.

1967 இல் முழங்கால் காயமுற்றது. அந்தப் பருவத்தில் கோல்ட்ஸ் அணி தோல்வியே காணாமல் முன்னேறிக்கொண்டிருந்தது. இன்னும் சில வாரம் பொறுத்திருந்தால் மற்றொரு வாகை கிட்டியிருக்கக்கூடும். பார்க்கரோ, தம்மால் இனி அணிக்குப் பயனில்லை என்று பயிற்றுநர் டொன் ஷூலாவிடம் அறிவித்து, பருவத்தின் நடுவிலேயே ஓய்வுபெற்றார். பெயருக்காக இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் வழக்கம் விளையாட்டுலகில் அருமையானதன்று. ஆதலால் அச்செயலைப் பலரும் வியந்து பேசினர். இறுதி ஆட்டத்தில் லொஸ் ஏஞ்சலிஸ் அணியிடம் தோற்ற கோல்ட்ஸ், அந்த ஒரே தோல்வியால் வாகைப் போட்டிக்கே செல்ல முடியாமற் போயிற்று.

1973 இல் தொழில்முறைக் கால்பந்தின் புகழ் மண்டபம் அவரை ஏற்றுக்கொண்டது. தடுக்கும் முன்வரிசையில் மட்டுமே ஆடிய ஒருவருக்கு அங்கே இடமளிக்கப்பட்டது அதுவே முதன்முறை. பார்க்கர் பால்ட்டிமோரிலேயே கடையொன்றை நடத்தி வாழ்ந்து, 2005 ஜூலை 18 ஆம் நாள் காலமானார்.