புயலும் மனைப்பட்டாவும்: கீழத்தஞ்சைச் சேரிகளை முன்வைத்து



புயலுக்குச் சாதி தெரியாது என்று ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் யாராவது எழுதுகிறார்கள். காற்றுக்குத் தெரியாதுதான். ஆனால் அது வந்து மோதும் கூரையும் அந்தக் கூரை நிற்கும் மண்ணும் சாதியால் தீர்மானிக்கப்பட்டவை. நாம் இங்கே பேச எடுத்துக்கொண்டிருப்பது அந்த மண்ணின் வரலாற்றை.

முதலில் காற்று. கடலின் மேற்பரப்பு ஏறத்தாழ 26.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறி, அந்தச் சூடு 50 மீட்டர் ஆழம்வரை இறங்கியிருந்தால் நீராவி பெருமளவில் மேலேறுகிறது. மேலே குளிர்ந்து மேகமாகும்போது சுமந்துவந்த வெப்பத்தை விடுகிறது. அந்த வெப்பம் காற்றை இன்னும் மேலே தள்ள, கீழே அழுத்தம் குறைகிறது. சுற்றியுள்ள காற்று அங்கே பாய்கிறது. பூமியின் சுழற்சி அதை வளைப்பதால் நம் பக்கத்தில் கடிகாரமுள்ளுக்கு எதிராகச் சுழல்கிறது. மேற்கு நோக்கி வரும் புயல் நம் கரையைத் தொடும்போது, மையத்துக்கு வடக்கே காற்று கடலையும் சேர்த்து நிலத்துக்குள் தள்ளுகிறது. கண் கடக்கும் நேரத்தில் ஓர் அமைதி. பிறகு எதிர்த்திசையிலிருந்து காற்று. ஓய்ந்துவிட்டதென்று வெளியே வருகிறவர்கள் அப்போதுதான் சிக்கிக்கொள்கிறார்கள்.

இதை முன்கூட்டிச் சொல்லும் ஏற்பாடு யாருக்காகத் தொடங்கியது? 1864 அக்டோபரில் கல்கத்தாவைப் புயல் தாக்கியது. அடுத்த மாதமே மசூலிப்பட்டினத்தில் கடல் ஊருக்குள் புகுந்து பல்லாயிரம் பேர் மாண்டார்கள். 1865இல் கல்கத்தாத் துறைமுகத்துக்கு எச்சரிக்கை முறை வந்தது. 1875இல் இந்திய வானிலைத் துறை. இன்றும் நாம் செய்தியில் கேட்கும் ‘புயல் கூண்டு’ கப்பல் மாலுமிக்குக் காட்டும் அடையாளம். கப்பலும் சரக்கும் முதலில் காக்கப்பட்டன. கரையில் இருந்தவர்கள் காத்திருந்தார்கள். 1977 நவம்பர் 19 அன்று ஆந்திரத்தின் திவிசீமையில் கடல் ஏறியபோது 10,000 பேரளவில் இறந்தார்கள் என்றால், அந்தக் காத்திருப்பு நூறாண்டைக் கடந்திருந்தது என்று பொருள்.

இனி நம் டெல்டாவுக்கு வருவோம். 1952 ஆகஸ்டில் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தது. அதே ஆண்டு நவம்பர் 30 அன்று நாகப்பட்டினத்தை ஒட்டிப் பெரும்புயல் கரை கடந்தது. இரண்டையும் சேர்த்துப் படிக்கிற வழக்கம் நம் வரலாற்றெழுத்தில் இல்லை. சேர்த்துத்தான் படிக்க வேண்டும். பண்ணையாளின் குடிசை நின்ற இடம் மிராசுதாருடையது. வேலையிலிருந்து நீக்கினால் வீடும் போகும். அப்படிப்பட்ட இடத்தில் எவர் செங்கல் அடுக்குவார்? மண் சுவர், மூங்கில், கீற்று. ஒரே நாளில் பிரித்து எடுத்துப்போகக்கூடிய வீடு. அந்த வீடு வறுமையால் மட்டும் வந்ததல்ல, வெளியேற்றத்தின் அச்சம் கட்டிய வீடு. 1968 டிசம்பர் 25 அன்று வெண்மணியில் 44 பேர் அடைக்கலம் புகுந்ததும் ஒரு குடிசைக்குள்தான். காற்றுக்கு நிற்காத சுவர் தீக்கும் நிற்கவில்லை.

1971இல் குடியிருப்புச் சட்டம் வந்தது. குடியிருந்த மனை குடியிருந்தவருக்கே உரிமையாயிற்று. போராடிப் பெற்றது, அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் வாய்க்கால் கரையிலும் புறம்போக்கிலும் பின்னர் குடியேறியவர்களுக்கு மனைப்பட்டா இன்னும் மனுவாகவே அலைகிறது.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. எச்சரிக்கை சரியாகவே வந்தது. பல்லாயிரம் பேர் முன்னதாகவே முகாமுக்கு மாற்றப்பட்டார்கள், உயிரிழப்பு மட்டுப்பட்டது. சிக்கல் மறுநாள் தொடங்கியது. விழுந்த தென்னை ஒன்றுக்கு, வெட்டி அகற்றும் செலவையும் சேர்த்து 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது. தொகை போதாது என்று தோப்புக்காரர்கள் சொன்னார்கள், நியாயம்தான். ஆனால் அந்த மரத்தில் ஏறியவர், மட்டை உரித்தவர், கீற்று முடைந்த பெண் ஆகியோரின் வருமானத்துக்கு அப்படியொரு விலை வைக்கப்படவில்லை. புதுக் கன்று காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அத்தனை ஆண்டுக் கூலி எந்தக் கணக்கில் ஏறியது? நிவாரணம் பட்டாவைத் தேடிப் போகிறது. நிலமற்றவரைத் தேடிப் போக அதற்கு வழி தெரியவில்லை. 2004 ஆழிப்பேரலையின்போதும் நாகையில் இதைத்தான் பார்த்தோம். பிணங்களை அகற்ற வெளியூர்களிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டார்கள், நிவாரண வரிசையிலோ தலித்துகள் பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள்.

முன்தயாரிப்பால் உயிரைக் காக்க முடியும் என்பதில் ஐயமில்லை. ஒடிசாவில் 1999இல் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். 2013இல் பைலின் வந்தபோது பல லட்சம் பேரை வெளியேற்றிச் சாவை இரண்டு இலக்கத்துக்குள் நிறுத்தினார்கள். அதே ஒடிசாவில் 2019 ஃபானியின்போது புரி மாவட்டத்தில் தலித் குடும்பங்கள் தஞ்சமிடத்திலிருந்து விரட்டப்பட்டதாகச் செய்தி வந்தது. கட்டடம் கட்டினால் போதாது. அது ஊரின் எந்தப் பக்கத்தில் நிற்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

ஆண்டுதோறும் பருவமழைக்கு முன் மாவட்டங்களில் ஆய்வுக்கூட்டம் நடக்கிறது. மணல் மூட்டை, மரமறுக்கும் இயந்திரம், படகு எல்லாம் எண்ணப்படுகின்றன. புறம்போக்கில் எத்தனை கீற்று வீடுகள், அவற்றில் பட்டா கேட்டு மனுக் கொடுத்தவர்கள் எத்தனை பேர், சேரியிலிருந்து தஞ்சமிடத்துக்குப் போகும் பாதை யார் தெரு வழியே போகிறது, ஆடுமாடுகளைக் கட்ட அங்கே இடமுண்டா என்று நாம் ஊர் ஊராகக் கணக்கெடுத்து, செப்டம்பருக்குள் அந்தக் கூட்டத்தின் மேசையில் வைக்க வேண்டும். இங்கு வந்திருக்கும் மாணவத் தோழர்கள் திருக்குவளை, தலைஞாயிறு, வேதாரண்யம் பகுதிகளிலிருந்து தொடங்கலாம்.